பிள்ளைகள் வரிசை

"ஆறாவது?"

"கொலை பண்ணக் கூடாது."

"ஏழாவது?"

அவள் கூரையைப் பார்த்தாள்.

"ஏழாவது இன்னா, ரோசம்மா? யோசிச்சுச் சொல்லு. அவசரம் ஒண்ணும் இல்ல."

"திருடக் கூடாது."

"அது எட்டாவது."

கட்டிலில் கிடந்தவள் கண்களை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போய், மனசில்லாமல் வெளியே வந்தது. பத்துக் கட்டளைகளில் ஆறு வரைக்கும் வருவதற்கே கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் மகள் சலோமி ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

"ஒம்பதும் பத்தும் சொல்லிடறேன்," என்றாள் ரோசம்மாள், கண்ணைத் திறக்காமல். "அது ரெண்டும் தெரியும்."

"வரிசையா வரணும்," என்றார் சத்தியநாதன்.

அவர் அவளுடைய புருஷன். செவ்வாப்பேட்டைக்கு மேற்கே இருக்கும் ரயில் கேட்டில் இருபத்தாறு வருஷமாக கேட்கீப்பர். ஊர்ச் சபைக்குப் பதினாறு வருஷமாக மூப்பர். பிஷப் தலையில் கைவைத்து முழுச் சபையாராக்குகிற திடப்படுத்தலுக்கு வருகிறவர்களை வினாவிடை கேட்டுத் தேர்ச்சி கொடுப்பதும் தள்ளுவதும் அவர் பொறுப்பு. திடப்படுத்தல் இல்லாதவர்களுக்கு அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து இல்லை. பிஷப் வருகிற வருஷங்களில் எல்லாம் ரோசம்மாள் மூப்பர்கள் முன்னால் போய் நின்றாள். இதுவரை ஒன்பது முறை. ஒன்பது முறையும் தள்ளியவர் அவரேதான்.

தலைமாட்டில் முக்காலியில் உட்கார்ந்திருந்த பாஸ்டர், மடியில் இருந்த கறுப்புப் பையின் மேல் கையை வைத்தார். திருவள்ளூரிலிருந்து காலை வண்டியில் வந்திருந்தார். போன வருஷம்தான் படிப்பை முடித்துவிட்டு வந்தவர். தகப்பன் வயசு மூப்பர்களிடம் பேசும்போது அவருக்குக் குரல் சற்று இறங்கிவிடும்.

"போதும் மூப்பரே. அம்மா களைச்சுட்டாங்க. விசுவாசப் பிரமாணம் முழுசும் சொல்லிட்டாங்க. பரமண்டல ஜெபம் சொல்லிட்டாங்க. நான் திருவிருந்து குடுத்துடறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"தீர்மானப் புஸ்தகத்துல கீது பாஸ்டர். அறுபத்தொண்ணுல போட்டது. ஒரு கேள்வி தப்பினாலும் அடுத்த தபாதான். நாந்தான் எழுதினேன், நாந்தான் கையெழுத்துப் போட்டேன்."

"இந்த நிலைமையில..."

"கங்கம்மாவும் இந்த நிலைமையிலதான் கேட்டா. முடியாதுன்னு சொன்னேன். அவ புருஷன் இதோ வாசல்லதான் குந்திக்கினு கீறான். அவளுக்கு ஒரு நியாயம், எம் பொஞ்சாதிக்கு ஒரு நியாயமா?"

வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அப்பாவு திரும்பிப் பார்த்தான். சபையில் குழி வெட்டுகிறவன் அவன். கோயிலுக்குள் வருவது கிறிஸ்மஸுக்கு மட்டும்.

"யோவ் மூப்பரே, என்ன ஏன்யா இதுல இழுக்கற? குடுத்துடு. எம் பொண்டாட்டிக்குக் குடுக்கலியேன்னு நான் இன்னா பஞ்சாயத்தா வெக்கப் போறேன்? ரோசம்மாவுக்குக் குடுத்தா கங்கம்மாளுக்குக் குடுத்த மாதிரிதான்."

"உனக்குத் தெரியாது அப்பாவு. சபைன்னா வளரணும். வயசு மட்டும் வளந்தாப் பத்தாது. இருபது வருசம் ஆனப்பாலயும் பால்தான் குடிப்பேன்னா அதுக்குப் பேரு இன்னா?"

"இன்னாவோ போ. ரயில் கேட்டையாவது வண்டி போனப்பால தொறக்கற. கோயில் கேட்ட தொறக்கவே மாட்டேன்ற."

பாஸ்டர் சிரிக்கப் பார்த்து, மூப்பரின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரோசம்மாளின் நெற்றியில் கை வைத்துச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். "திருவள்ளூர்ல ஒரு கூட்டம் இருக்கு. முடிச்சுட்டு சாயங்காலம் வந்துடறேன். அதுக்குள்ள அம்மா அந்த ஏழாவதை..." முடிக்கவில்லை. எழுந்தார்.

பையின் உள்ளே உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளிக் கிண்ணம் ஒன்று இருந்தது. நோயாளிகளுக்கென்று தனியாக வைத்திருப்பது. சலோமி அதைப் பார்த்திருக்கிறாள். இன்று பை திறக்கவே இல்லை. பாஸ்டர் பூவரச மர நிழலைத் தாண்டி ஸ்டேஷன் பக்கம் நடந்து போகும்வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேட்டில் போன் மணி அடித்தது. பதில் ஆள் போட்டிருந்தார்கள், இருந்தும் சத்தியநாதன் பழக்கத்தில் எழுந்து போனார். அவர் பின்னாலேயே அப்பாவுவும் பீடியைத் தேடிக்கொண்டு போனான்.

கேட்டை ஒட்டி ரயில்வே கட்டிக்கொடுத்த ஓர் அறை வீடு அது. வண்டி போகும்போதெல்லாம் சுவரில் தொங்கும் பாத்திரங்கள் நடுங்கும். அலமாரியின் மேல்தட்டில் ஒரு பாட்டில், வாயில் துணி கட்டி வைத்திருந்தது. வருகிற முதல் ஞாயிறுக்கான திராட்சரசம். அதைச் செய்வது ரோசம்மாளின் வேலை. உலர்ந்த திராட்சையை மூன்று தண்ணீரில் கழுவி, கொதிக்க வைத்து, ஊறப்போட்டு, மசித்து, வெள்ளைத்துணியில் வடிகட்டுவாள். கோயில் கிண்ணத்தைப் புளிபோட்டுத் தேய்ப்பதும் திருவிருந்துத் துணியை வெளுப்பதும்கூட அவள்தான். இந்தத் தடவை எழுந்து உட்கார முடியாமல், படுத்தபடியே சொல்லச் சொல்ல சலோமி செய்தாள். பாத்திரத்தை முகத்தருகே கொண்டுவரச் சொல்லி மோந்து பார்த்தாள். "இன்னும் ஒரு கைப்பிடி போடு. தண்ணியா கீது." ருசி பார்ப்பது கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு அவள் நாக்கில் பட்டதில்லை. மூக்குதான் அவளுக்கு நாக்கு.

திருவிருந்து முடிந்து சலோமி வீட்டுக்கு வந்ததும் மாதாமாதம் அதே கேள்வி. "இன்னிக்கு எப்படிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா."

"இனிப்பு தூக்கலா?"

"சரியா இருந்துச்சு."

"எல்லாருக்கும் பத்துச்சா?"

பதினைந்து வயதில் ஒரு கேள்விகூடத் தப்பாமல் சலோமி தேறியிருந்தாள். கோயிலில் கைதட்டினார்கள். இப்போது இருபத்து நான்கு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் திருகாணிகளை எண்ணிப் பெட்டியில் போடுகிற வேலை. போக வர ரயிலில் வாடகை நூலகத்துக் கதைப் புத்தகங்களைப் படிப்பாள். பனி பெய்கிற ஊர்களில், பெரிய வீடுகளில், மனிதர்கள் நிதானமாகச் செத்துப்போகிற கதைகள். அங்கே சாகிறவர்கள் கடைசியில் ஏதாவது நல்ல வாக்கியமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அருகில் இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். இந்த வீட்டில் ஜன்னலைத் திறந்தால் கரிப்புகை வரும்.

அவள் பாட்டிலை எடுத்தாள். ஒரு கரண்டியில் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வாயத் தொறம்மா."

ரோசம்மாள் கண்ணைத் திறந்து கரண்டியைப் பார்த்தாள். வாசனையிலேயே தெரிந்திருக்கும். உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். மருந்து வேண்டாமென்கிற குழந்தையைப் போல இருந்தது முகம். பிறகு சிரித்தாள்.

"அதுக்கு இன்னும் ஜெபம் பண்லடி."

"பரவால்ல. கொஞ்சூண்டு. யாருக்கும் தெரியாது."

"உங்க நைனாவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்."

"அவருக்கு மனசு வேற கீதா?"

"கத்தாத. ஊத்திடு பாட்டில்ல. ஞாயித்துக்கெழமைக்குப் பத்தாமப் போயிடும்."

சலோமி ஊற்றினாள். இரண்டு சொட்டு தரையில் விழுந்தது.

"உனக்கு ஏழாவது தெரியும் இல்ல?"

"தெரியாம இன்னா?"

சலோமிக்கும் தெரியும், அம்மாவுக்குத் தெரியுமென்று. திடப்படுத்தலுக்கு அவள் படித்த வருஷம், அம்மா ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து மாவு தள்ளிக்கொண்டே கூடப் படித்தாள். பத்தும் வரிசையாக வரும். ஏழாவது வரும்போது மட்டும் குரல் கல்லின் சத்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அது ஆண் பெண் சேரக்கூடாத சேர்க்கையைப் பற்றிய கட்டளை. வேதத்தில் அதற்கென்று ஒரு வார்த்தை இருக்கிறது. நல்ல வீட்டுப் பெண்கள் எவளும் வாயில் எடுக்காத வார்த்தை.

"அத எப்படிடி அத்தினி ஆம்பளைங்க முன்னாடி சொல்றது?" என்றாள் அன்றைக்கு. "உங்க நைனா எதுருல, அவரு சித்தப்பா எதுருல. நாக்கு வரமாட்டேங்குது."

"நீ மனசுல நெனச்சுக்கினு சொல்லும்மா. வெறும் வார்த்தைதான?"

"உனக்கு வெறும் வார்த்தை. நீ புஸ்தகத்துல படிச்ச."

புருஷனிடம் சொல்லக் கூடாதென்று அன்றே சத்தியம் வாங்கிக்கொண்டாள். தெரிந்தால் அவருக்குப் பேஜாராகிவிடும் என்றாள். இத்தனை பேரை இதே கேள்வியில் தள்ளிவிட்டோமே என்று உடைந்துபோய்விடுவார் என்றாள். கங்கம்மாளும் ஏழாவதில்தான் தவறினாள். ஊரில் தவறிய பெண்கள் எல்லோரும் ஏழாவதில்தான் தவறினார்கள். பொம்பளைகளுக்கு மூளை ஆறுக்கு மேல் ஓடாது என்று மூப்பர்கள் சிரித்தார்கள்.

ஆனால் சலோமிக்கு இன்னொன்றும் நினைவிருந்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது. ஊத்துக்கோட்டைக்குத் தங்கையைப் பார்க்கப் போன அம்மா, பஸ் வழியில் நின்றுபோனதால் ஒரு வைக்கோல் லாரியில் ஏறி, விளக்கு வைத்த பிறகு கேட்டண்டை வந்து இறங்கினாள். வண்டி வருகிற நேரம். கேட்டுக்கு இரண்டு பக்கமும் மாட்டுவண்டிகளும் சைக்கிள்களும் நின்றிருந்தன. தலையெல்லாம் வைக்கோலோடு இறங்கியவளைப் பார்த்து, கையில் சிவப்பு விளக்கோடு நின்ற சத்தியநாதன் அந்த வார்த்தையைத்தான் கத்தினார். தெருவில் சொல்கிற வசவை அல்ல, வேதத்தில் இருக்கிற அதே வார்த்தையை. ஞானஸ்நானம் எடுத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. வசவுகளை எல்லாம் விட்டுவிட்டிருந்தார். கேட்டின் அந்தப் பக்கம் நின்றவர்கள் வண்டி போகிறவரைக்கும் அம்மாவையே பார்த்தார்கள். அம்மா தலையிலிருந்து ஒவ்வொரு வைக்கோலாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெட்கமா, இதுவா? எதனால் அம்மாவின் நாக்கு கட்டிக்கொண்டது என்று சலோமி கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அம்மா வெட்கம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

"சலோ."

"இன்னாம்மா?"

"உங்க நைனா இன்னும் சின்னப் புள்ளடி. பரீட்சை எழுதிக்கினே கீறாரு, பாவம். வளர்றதுக்கு நேரம் ஆவும்." மூச்சுக்காக நிறுத்தினாள். "பாத்துக்கோ."

மூன்று மணி பாசஞ்சர் வந்தது. வீடு நடுங்கியது. தட்டுகள் ஒன்றோடொன்று உரசின, அலமாரியின் மேல் பாட்டில் மரப்பலகையில் கடகடவென்று அடித்துக்கொண்டது. சலோமி எழுந்து அது விழாமல் பிடித்துக்கொண்டாள். வண்டி போய் முடிந்தது. பாட்டில் அடங்கியது. தட்டுகள் அடங்கின. திரும்பிப் பார்த்தாள். தொண்டைக்குழி உள்ளே போனது வெளியே வரவில்லை.

சத்தியநாதன் பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டே உள்ளே வந்தார். சலோமி நிற்கிற நிலையிலேயே புரிந்துகொண்டார். கட்டில் அருகே போய், குனிந்து, மனைவியின் மூக்குக்கு முன்னால் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிராமல் கேட்டார்.

"ஏழாவது சொன்னாளா?"

சலோமி அவரைப் பார்த்தாள்.

"நான் போனப்பால. உங்கிட்ட. சொன்னாளா?"

இப்போது அவர் நிமிர்ந்திருந்தார். அந்த முகத்தில் அவள் அதுவரை பார்த்திராத ஒன்று இருந்தது. கேட்டை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் வந்துவிடு என்று தலையசைக்கிறவனின் முகம். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவர் நம்புவார். நம்பத்தான் கேட்கிறார். பாஸ்டர் வந்ததும் சொல்வார், புத்தகத்தில் எழுதுவார்.

வைக்கோல் சலோமியின் கண்ணுக்கு முன்னால் வந்தது. அம்மாவைத் தள்ளிய ஒன்பது வருஷங்கள் வந்தன. அது எட்டாவது என்ற அவர் குரல் வந்தது.

"இல்ல," என்றாள்.

பொய் அல்ல. அம்மா அதைச் சொல்லவில்லைதான். அவர் முகம் பழையபடி ஆவதைப் பார்த்தபோது அவளுக்குள் ஏதோ ஒன்று திருப்தியாகத் தலையை ஆட்டியது. அதன் பேர் என்னவென்று அவளுக்குத் தெரியும். அதுவும் அந்தப் பத்துக்குள் எங்கோ அடங்கும்.

பக்கத்துக் குடிசை மணியம்மாள்தான் குளிப்பாட்ட வந்தாள். அவள் கோயிலுக்கும் சபைக்கும் சம்பந்தமில்லாதவள், மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவள். ரோசம்மாளின் கைகளைத் தூக்கித் தூக்கித் தண்ணீர் ஊற்றினாள். விரலிடுக்கில் திராட்சைக் கறை இருந்தது. மஞ்சள் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"கடைசி வரைக்கும் குடுக்கலியாமேடி?"

சலோமி தலையசைத்தாள்.

"இன்னா சாமிடி உங்குளுது, இத்தினி கேள்வி கேக்குது? எங்க மாரியாத்தா கோயில்ல கூழு ஊத்தறப்போ சொம்ப நீட்டினா ஊத்துறான். உம் பேரு இன்னா, உங்கப்பன் பேரு இன்னான்னா கேக்கறான்?"

"சாமி கேக்கலக்கா," என்றாள் சலோமி.

வெளியே அப்பாவு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அடக்கம் மறுநாள் காலை. பூமி காய்ந்திருந்ததால் அப்போதே வெட்டத் தொடங்க வேண்டும்.

"எங்க மூப்பரே?"

கல்லறைத் தோட்டத்தில் முன்பக்கம் திருவிருந்து வாங்குகிறவர்களுக்கு. பின்னால், கள்ளிவேலியை ஒட்டி இருந்த இடம் குழந்தைகளுக்கு. திடப்படுத்தல் ஆகாமல் போகிறவர்களையும் அங்கேதான் வைப்பார்கள். விசுவாசத்தில் வளராதவர்கள் குழந்தைகள் கணக்கு. அதுவும் அதே தீர்மானத்தில் இரண்டாவது பாரா. அதற்குப் பிள்ளைகள் வரிசை என்று பெயர்.

"தீர்மானப்படிதான்," என்றார் சத்தியநாதன்.

"நெசமாத்தான் சொல்றியா?"

"அப்பாவு."

"சரிய்யா சரி. கங்கம்மா பக்கத்துல ஒரு எடம் கீது. பேச்சுத் துணைக்காச்சு." நான்கு அடி போனவன் திரும்பி வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எம் பொண்டாட்டி சயரோகத்துல ரத்தம் ரத்தமா கக்கினப்போ மூப்பருங்க யாரும் ஊட்டுக்குள்ள வர்ல. வாசல்ல நின்னு பாட்டு பாடிட்டுப் போனீங்க. உம் பொஞ்சாதிதான் தெனம் வந்தா. துணி தொவச்சா. கூடப் படுத்துக்கினா. இது அங்கருந்து ஒட்டிக்கினு வந்ததுதான்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவ ஒரு நாளும் சொல்லிக் காட்டல. அவ வளரலன்ற. சரி."

பதிலுக்கு நிற்காமல் அப்பாவு நடந்தான்.

மறுநாள் காலை பாஸ்டர் வந்தார். சாயங்காலம் கூட்டம் முடிய நேரமாகிவிட்டது என்றார். அதை யாரும் கேட்கவில்லை. கல்லறை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். பெட்டியை நான்கு பேர் தோளில் எடுத்துக்கொண்டு கேட்டண்டை வந்தபோது போன் மணி அடித்தது. பதில் ஆள் கேட்டை இறக்கினான். எல்லோரும் நின்றார்கள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தண்டவாளம் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை வெறுமையாகக் கிடந்தது. புகைகூடத் தெரியவில்லை. பதில் ஆள் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு சத்தியநாதனைப் பார்த்தான். நீங்கள் ஒரு சாடை காட்டினால் தூக்கிவிடுகிறேன் என்றது அந்தப் பார்வை. பெட்டியைத் தூக்கி நின்றவர்களும் பார்த்தார்கள். சலோமியும் பார்த்தாள்.

அவர் வேண்டாமென்று தலையசைத்தார்.

யாரோ பின்னால் "கர்மம்" என்றார்கள். அப்பாவு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அவரு கேட்டு, அவரு பொஞ்சாதி, அவரு ரூலு," என்றான். தோள் மாற்றிக்கொண்டார்கள். ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று. சிமெண்டு மூட்டை ஏற்றிய ஒரு கூட்ஸ், அவசரமே இல்லாமல் வந்து, பெட்டி பெட்டியாகப் போனது. கார்டு வண்டியிலிருந்து ஓர் ஆள் சவத்தைப் பார்த்துத் தொப்பியை எடுத்தான். சத்தியநாதன் அவனுக்குப் பச்சைக்கொடி காட்ட வெறுங்கையைத் தூக்கி, பாதியில் இறக்கிக்கொண்டார்.

பிள்ளைகள் வரிசையில் மேடுகள் எல்லாம் ஒரு முழம், ஒன்றரை முழம். கல்லறைத் திருநாளுக்கு ரோசம்மாள்தான் அவற்றைச் செதுக்கி, மெழுகி, கேட்பாரில்லாத குழந்தைகளுக்கெல்லாம் மெழுகுவத்தி வைப்பாள். எந்த மேடு எந்த வீட்டுப் பிள்ளை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். இனி யாருக்கும் தெரியாது. அந்த வரிசையில் அப்பாவு வெட்டிய குழி கள்ளிவேலியிலிருந்து தொடங்கி நடைபாதை வரைக்கும் வந்திருந்தது. மண்ணைத் தள்ளி மூடிய பிறகு, சின்னச் சின்ன மேடுகளுக்கு நடுவில் அது ஒன்று மட்டும், குழந்தைகளோடு படுத்தவள் காலை மடக்க மறந்த மாதிரி, பாதையில் நீண்டிருந்தது. பக்கத்தில் கங்கம்மாளுடையதும் அப்படித்தான்.

பாஸ்டர் வாசித்தார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. மண் போடும்போது சத்தியநாதன் மூன்று கை போட்டார், நியமப்படி. திரும்பி வரும்போது ஆட்கள் பாதையில் நீட்டிக்கொண்டிருந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். மணியம்மாள் கொண்டுவந்து வைத்த சோறு மூடியே இருந்தது. சலோமி வெளியே வாளித் தண்ணீரில் அம்மாவின் துணிகளை அலசினாள். அவற்றோடு ரசம் வடிகட்டிய வெள்ளைத்துணியும் வந்திருந்தது. அதன் நடுவில் நீலமும் சிவப்புமாக ஒரு வட்டம். கசக்கக் கசக்க வெளிறியதே தவிர போகவில்லை.

வீட்டுக்குள் சத்தியநாதன் ஜெபம் செய்ய முழங்காலில் நின்றது தெரிந்தது. எப்போதும் அவருடைய ஜெபம் கேட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். வாக்கியங்கள் வசனத்தில் தொடங்கி வசனத்தில் முடியும். இன்று "பரலோகத்தில் இருக்கிற" என்று தொடங்கினார். நின்றார். மறுபடி தொடங்கினார், மறுபடியும் அதே இடத்தில் நின்றார். வினாவிடையில் இல்லாத எதையோ சொல்ல வேண்டியிருந்தது போல. அம்மா என்றால் அடுப்பு ஊதிக்கொண்டே பேசுவாள். "இன்னாப்பா, இன்னிக்கும் மழை இல்லியா உங்கிட்ட? அப்பாவு குடிச்சுட்டு விழுந்து கெடக்கறான், தூக்கி உட்கார வெய்யி." அதற்கு ஆமென்கூட இருக்காது. ரசம் கொதித்துவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவாள்.

கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து வாசலுக்கு வந்து, நேற்று அப்பாவு உட்கார்ந்திருந்த படியில் உட்கார்ந்தார். கையில் அந்தப் பாட்டில் இருந்தது. எதற்காக எடுத்தார் என்று தெரியவில்லை. அவருக்கே தெரியாது போலும். வாய்த்துணியைக் கழற்றாமல் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"சலோமி."

அவள் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆறு வரைக்கும் ஒரு எழுத்து தப்பல. எட்டும் தெரியுது. ஒம்பது, பத்து சொல்றேன்னா. ஒம்பது தபாவும் அப்படியேதான். அது ஒண்ணு மட்டும் எப்படி வராமப் போவும்?" பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். "ராத்திரியெல்லாம் நெனச்சுப் பாத்தேன். மூளை இல்லாதவளா இருந்தா வேற எதுலயாச்சும் தப்பியிருக்கணும் இல்ல? ஒரு தபாவாச்சும்?"

பாத்துக்கோ என்று அம்மா சொல்லியிருந்தாள். சொல்லாதே என்றும் சொல்லியிருந்தாள். இரண்டில் எது பாத்துக்கொள்வது என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. உண்மை இப்போது சலோமியின் வாயில் இருந்தது. சொன்னால் அவர் உடைவார். அதற்காகவே சொல்ல ஆசையாகவும் இருந்தது, அதற்காகவே சொல்ல முடியாமலும் இருந்தது. துணியைப் பிழிந்தாள். விரலிடுக்கு வழியாக வெளிறிய தண்ணீர் இறங்கியது.

கேட்டில் போன் மணி அடித்தது. அவர் எழவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"உங்கிட்ட ஏதாச்சும் சொல்லியிருப்பா. நீ பொண்ணு. உங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லப் போறா?" என்றார். "தெரிஞ்சா சொல்லும்மா."